வந்தவர்க்கெல்லாம் ஓர் எண்

திருமலைக்கு வரும் யாத்திரிகர் அனைவரும் முன்னதாகவே அறை பதிவு செய்துகொண்டு வருவதில்லை. மலையேறி வந்த பிறகு மத்திய வரவேற்பு அலுவலகத்திற்குச் சென்று பெயர் கொடுப்போர் பலர். அங்கிருப்பவர் கணக்கைப் பார்க்கிறார். காலியாக உள்ள அறைகளுள் ஒன்றை ஒதுக்குகிறார். 24 மணி நேரம் தங்கலாம் என்கிறார். காப்புத்தொகை பெற்றுக்கொண்டு சாவி கொடுக்க ஏற்பாடு செய்கிறார். யாத்திரிகர் புறப்படும்போது சாவியைத் திருப்பித் தந்து காப்புத்தொகையைப் பெற்றுக்கொள்கிறார். அந்த அறை அடுத்தவருக்குப் போகிறது. இவ்வாறன்றி, வருவோர் தாமே தமக்குப் பிடித்த எண்ணைத் தேர்ந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைவதென்று வைத்தால், ஓர் அறைக்கு மூன்று குடும்பங்கள் சண்டையிடும். பக்கத்து அறை பூட்டியே கிடக்கும்.

விடுதியில் நம் செல்பேசி வைஃபையோடு இணையும் அந்த ஓரிரு நொடிகளில் நடப்பதும் ஏறத்தாழ இதுவே. அதனை நடத்தும் ஏற்பாட்டிற்கு டி.எச்.சி.பி. என்று பெயர். டைனமிக் ஹோஸ்ட் கான்ஃபிகரேஷன் புரோட்டோகால் என்னும் நீண்ட பெயரின் சுருக்கம் அது. வலையில் வந்து சேரும் கருவிக்கு வேண்டிய அமைவுகளை வந்த உடனே வழங்கும் நெறிமுறை என்று தமிழில் சொல்லலாம். பெயர்தான் நீளமே ஒழிய வேலை எளிது. எளிது என்பதாலேயே அதன் அமைப்புகளை எவரும் திறந்து பார்ப்பதில்லை. பார்க்காமல் விட்டால் யாருக்கு நட்டம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

முதலில் எண்ணைப் பற்றி. வலையில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஐ.பி. முகவரி வேண்டும். 192.168.1.37 என்பதுபோல நான்கு பகுதிகளாக அஃது எழுதப்படுகிறது. ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண். கடிதத்தின்மேல் பெறுநர் முகவரியும் அனுப்புநர் முகவரியும் எழுதுகிறோம் அல்லவா? அவ்வாறே வலையில் செல்லும் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தின் தலையிலும் இரண்டு எண்கள் உள்ளன. அனுப்புநர் எண் இல்லையேல் விடை திரும்பி வராது. இரு கருவிகள் ஒரே எண்ணை வைத்துக்கொண்டாலோ, விடை இவரிடம் போவதா அவரிடம் போவதா என்று தெரியாமல் இருவர் வேலையும் கெடும்.

இந்த வகை எண்கள் மொத்தம் ஏறத்தாழ 429 கோடி. பெரிய தொகைபோலத் தோன்றினும் உலகுக்குப் போதவில்லை. பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசித் தொகுதிகள் 2011 பிப்ரவரி 3 ஆம் நாள் பகிர்ந்தளிக்கப்பட்டுத் தீர்ந்துபோயின. இப்படி நேரும் என்பதை முன்னரே உணர்ந்தவர்கள், சில எண் தொகுதிகளை எவரும் தம் வீட்டுக்குள்ளும் கல்லூரிக்குள்ளும் கேட்காமலே பயன்படுத்திக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தனர். 1996 இல் வெளியான விதிப்படி 10 என்று தொடங்குவனவும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குவனவும், 192.168 என்று தொடங்குவனவும் அத்தகையவை. தெருவுக்குத் தெரு 1 ஆம் எண் வீடு இருப்பதுபோல, ஊருக்கு ஊர் 192.168.1.1 இருக்கிறது. அவை ஒன்றோடொன்று மோதுவதில்லை. அவ்வெண்கள் தத்தம் சுவருக்குள்ளேயே வழங்குவன.

சுவருக்குள் எவருக்கு எந்த எண் என்பதைத் தொடக்கத்தில் மனிதரே தீர்மானித்தனர். கணினிக்குக் கணினி சென்று எண்ணைத் தட்டச்சுச் செய்து, ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்தனர். 1985 இல் பில் கிராஃப்ட், ஜான் கில்மோர் என்னும் இருவர் பூட்பி என்ற நெறிமுறையை வெளியிட்டனர். அதில் கணினி தன் எண்ணைத் தானே கேட்டுப் பெற்றது. ஆயினும் இந்தக் கணினிக்கு இந்த எண் என்ற பட்டியலை ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு அங்கே இடமில்லை. அமெரிக்காவில் பக்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரால்ஃப் டிராம்ஸ் எழுதி 1993 அக்டோபரில் வெளிவந்த டி.எச்.சி.பி. விதி இக்குறையை நீக்கியது. 1997 மார்ச்சில் அது திருத்தப்பட்டது. அந்தத் திருத்திய வடிவமே அடிப்படையில் இன்றும் வழக்கில் உள்ளது. அது கொண்டுவந்த புதுமை ஒரு சொல்லில் அடங்கும்: குத்தகை. எண் எவருக்கும் சொந்தமன்று. குறித்த காலத்திற்கு மட்டும் உரியது.

குத்தகை எவ்வாறு எழுதப்படுகிறது? செல்பேசி வலைக்குள் நுழையும்போது அதற்கு எண் இல்லை. எண் வழங்கும் சர்வர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. ஆகவே அது, "இங்கே எண் கொடுப்பவர் யாரேனும் உண்டா?" என்று எல்லோருக்கும் கேட்கக் கூவுகிறது. அனுப்புநர் இடத்தில் 0.0.0.0 என்றும், பெறுநர் இடத்தில் 255.255.255.255 என்றும் எழுதி அனுப்புகிறது. முன்னது 'இன்னும் எண் பெறாதவன்' என்றும், பின்னது 'இங்குள்ள அனைவரும்' என்றும் பொருள்படும். சர்வர் தன் கையிருப்பைப் பார்த்து, "192.168.1.37 காலியாக உள்ளது, கொள்ளலாமா?" என்கிறது. "அதையே கொள்கிறேன்" என்று செல்பேசி மறுபடியும் உரக்கச் சொல்கிறது. உரக்கச் சொல்லக் காரணம் உண்டு. ஒரே வலையில் இரண்டு சர்வர்கள் எண் முன்வைத்திருந்தால், தான் முன்வைத்தது ஏற்கப்படவில்லை என்று மற்றது அறிந்து தன் எண்ணைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். நான்காவதாக, "சரி, இத்தனை நேரத்திற்கு உனது" என்று சர்வர் ஒப்புகிறது. இந்த நான்கு வாக்கியங்களோடு காரியம் முடிந்தது.

ஒப்புதலோடு வேறு சில குறிப்புகளும் வருகின்றன. வெளியுலகுக்குச் செல்லும் வாயில் எது, பெயரைச் சொன்னால் எண்ணைச் சொல்லும் டி.என்.எஸ். சர்வர் எது, அண்டை வீட்டார் யார் வெளியூரார் யார் என்று பிரித்தறிய உதவும் சப்நெட் மாஸ்க் எது என்பன அவை. வாயில் எண்ணைத் தவறாக எழுதி வைத்தால் செல்பேசியில் வைஃபைக் குறி முழுதாக நிற்கும். ஒரு பக்கமும் திறக்காது. கோயிலுக்குள் விட்டுவிட்டு வெளிவாசலை மறைத்தது போன்ற நிலை.

இனி ஒரு மெய்யான கூடத்தைப் பார்ப்போம். புத்தூரிலிருந்து பிரிந்து போகும் சாலையில் உள்ளது கார்வேட்டிநகரம். ஒரு காலத்தில் ஜமீன்தாரின் தலைநகர். வேணுகோபாலசுவாமி கோயிலாலும், அவ்வூரில் வாழ்ந்த சாரங்கபாணியின் தெலுங்குப் பதங்களாலும் இசை அறிந்தோர் அதன் பெயரைக் கேட்டிருப்பர். எங்கள் குடும்பம் வேலூர்ப் பக்கத்திலிருந்து அங்கே குடிபெயர்ந்தது. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. சென்ற கோடை விடுமுறையில் அங்கே போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சி தரும் ஒரு சிறு கூடத்தைக் காண நேர்ந்தது. 12 கணினிகள், ஓர் அச்சுப்பொறி, ஒரு ரூட்டர், கண்ணாடி இழைக் கம்பி வழியே வரும் இணைப்பு. நாளுக்கு மூன்று வகுப்புகள். வகுப்புக்கு 22 பேர். காலை வகுப்பில் பெரும்பாலும் ஊர்ப் பையன்கள். பிற்பகல் வகுப்பில் பெரும்பாலும் சுற்றுக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வரும் பெண்கள்.

கூடத்தில் எல்லோரும் அறிந்த ஒரு செய்தி இருந்தது: வெயில் ஏறினால் லைன் படுத்துவிடும். காலையில் எவருக்கும் குறையில்லை. நடு வகுப்பில் சிலருக்கு இணைப்புக் கிடைக்காது. பிற்பகலில் செல்பேசி வைத்திருப்போர் ஒருவருக்கும் கிடைக்காது. 'ஐ.பி. முகவரி பெறப்படுகிறது' என்று சற்று நேரம் காட்டிவிட்டு இணைப்பு அறுந்துபோகும். வெயில் என்றனர் சிலர். மலிவான செல்பேசி என்றனர் சிலர். ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளன்று, பிற்பகல் வகுப்புப் பெண் ஒருத்தி தன் செல்பேசியில் நிழற்படத்தையும் சான்றிதழ்களையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் முயன்றாள். பிறகு புத்தூருக்குப் பேருந்து ஏறினாள். அங்கே இண்டர்நெட் கடையை அடையும்முன் விண்ணப்ப நேரம் முடிந்துவிட்டது. மறுநாள் அவளிடம் ஆசிரியர் சொன்ன ஆறுதல், நல்ல செல்பேசியாக ஒன்று வாங்கிக்கொள் என்பது.

ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து குத்தகைப் பட்டியலைப் பார்த்தபோது வெயில் வழக்கிலிருந்து விடுபட்டது. வழங்கத்தக்க எண்கள் 192.168.1.100 முதல் 192.168.1.149 வரை, ஆக 50. குத்தகைக் காலம் 24 மணி. கடையிலிருந்து வந்தபோது இருந்த அமைப்பு அப்படியே இருந்தது. பட்டியலில் 50 வரிகளும் நிரம்பியிருந்தன. கூடத்தில் அப்போது இருந்தவரோ 19 பேர்.

கணக்கு எளிது. கணினிகளும் அச்சுப்பொறியும் 13 எண்களை எடுத்துக்கொண்டன. மீதி 37. காலை வகுப்பின் 22 செல்பேசிகள் 22 எண்களைப் பெற்றன. மீதி 15. நடு வகுப்பில் முந்தி வந்த 15 பேர் அவற்றைப் பெற்றனர்; 7 பேர் திகைத்தனர். பிற்பகலுக்கு ஒன்றுமில்லை. காலை வகுப்பார் 9 மணிக்கே வீடு சென்றுவிட்டனர். ஆனால் அவர்கள் பெற்ற எண்கள் மறுநாள் காலைவரை அவர்கள் பெயரிலேயே கிடந்தன. மறுநாள் காலை அவர்களே மீண்டும் வந்தனர். செல்பேசி பழைய வலையைக் கண்டதும் முன்பு பெற்ற எண்ணையே கேட்கும். அது வேறொருவர் கைக்குப் போயிராவிட்டால் சர்வரும் அதையே கொடுக்கும். ஆகவே காலை வகுப்பாருக்கு நாள்தோறும் இடம் உண்டு. பிற்பகல் வகுப்பாருக்கு நாள்தோறும் இல்லை. எவரும் எவரையும் விலக்கவில்லை. ஒரு பெட்டியில் இருந்த இரண்டு எண்கள் விலக்கின.

திருமலை ஏற்பாட்டிற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. யாத்திரிகர் காப்புத்தொகையை நினைத்தாவது சாவியைத் திருப்பித் தருகிறார். செல்பேசிக்குக் காப்புத்தொகை இல்லை. புறப்படுகிறேன், எண்ணைப் பெற்றுக்கொள் என்று சொல்வதற்கு நெறிமுறையில் ஒரு செய்தி உண்டு. சட்டைப் பையில் செல்பேசியை வைத்துக்கொண்டு வாசலைத் தாண்டும்போது அச்செய்தி பெரும்பாலும் அனுப்பப்படுவதில்லை; அனுப்பும்முன் வைஃபை எல்லை கடந்துவிடுகிறது. ஆகவே சர்வருக்குக் காலத்தைத் தவிர வேறு சான்று இல்லை. குத்தகை முடிந்தால் அறை காலி. அதுவரை ஆள் இருப்பதாகவே கணக்கு.

குத்தகை புதுப்பிக்கப்படும் முறையையும் அறிந்துகொள்ள வேண்டும். காலத்தில் பாதி கழிந்ததும், இன்னும் இருக்கிறேன் என்று கருவி சர்வரிடம் சொல்கிறது. குத்தகை மறுபடி முழுக் காலத்திற்கு எழுதப்படுகிறது. விடை வராவிட்டால், காலத்தில் 87.5 விழுக்காடு கழிந்ததும் எந்தச் சர்வராயினும் சரி என்று மீண்டும் கூவுகிறது. அப்போதும் விடையில்லையேல் காலம் முடிந்ததும் எண்ணை விட்டுவிட வேண்டும். இதிலிருந்து ஓர் உண்மை கிடைக்கிறது. பாதியிலேயே புதுப்பித்துக்கொள்வதால், கருவி எப்போது புறப்பட்டாலும் குத்தகையில் குறைந்தது பாதியாவது மிச்சம் இருக்கும். 24 மணிக் குத்தகையில், ஆள் போன பின்னும் எண் 12 முதல் 24 மணி நேரம் வரை முடங்கிக் கிடக்கிறது. 2 மணிக் குத்தகையில் அதே முடக்கம் 1 முதல் 2 மணி நேரம்தான்.

கார்வேட்டிநகரத்துக் கூடத்தில் செய்த மாற்றம் கால் மணி நேர வேலை. 192.168.1.2 முதல் 19 வரை கணினிகளுக்கும் அச்சுப்பொறிக்கும் நிலையாக ஒதுக்கப்பட்டன. வருவோர்க்குரிய கையிருப்பு 20 முதல் 250 வரை விரிக்கப்பட்டது. அதாவது 231 எண்கள். குத்தகை 2 மணி நேரம் ஆக்கப்பட்டது. அன்று பிற்பகல் வகுப்பில் அத்தனை செல்பேசிகளும் இணைந்தன. வெளியே வெயில் முந்தைய நாள்போலவே காய்ந்தது.

கையிருப்பை விரித்ததே போதுமே, குத்தகையைக் குறைப்பானேன் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மூன்று வகுப்பும் சேர்ந்து 66 செல்பேசிகள்தாம், 231 தாராளம். ஆனால் விண்ணப்பக் கடைசி நாட்களில் அக்கூடத்துக்கு ஊரே வருகிறது. மணிக்கு 30 புதியவர் வீதம் 10 மணி நேரம் வந்தால் 300 பேர். அன்று 24 மணிக் குத்தகை இருந்தால் மாலைக்குள் 231 உம் தீரும். 2 மணிக் குத்தகையில், ஒருவர் அரை மணி நேரம் இருந்து போனால் அவர் எண் வந்த நேரத்திலிருந்து 2 மணியில் விடுபடும். ஒரே சமயத்தில் பிடிபட்டிருப்பது ஏறத்தாழ 60 தான். ஒரு மணியில் வருவோர் தொகையை, ஒருவர் பெயரில் எண் முடங்கும் மணிகளால் பெருக்கினால் வேண்டிய கையிருப்பு வரும். இந்தப் பெருக்கலைச் செய்துவிட்டு அமைப்புப் பக்கத்தைத் திறப்பவர் மிகச் சிலர்.

குத்தகையை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால் இன்னும் நல்லதன்றோ எனின், அன்று. ஒவ்வொரு கருவியும் இரண்டரை நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டும். சர்வர் பத்து நிமிடம் நின்றுபோனால் வலை முழுதும் எண்ணிழந்து நிற்கும். நீண்ட குத்தகையின் பலம் இதுவே: இரவில் சர்வர் பழுதாகிக் காலையில் சரியானாலும் எவரும் அறியமாட்டார். ஆசிரியர் அறைக் கணினி, ஆய்வுக்கூடக் கணினி போன்று இடம்பெயராதவற்றுக்கு ஒரு நாளோ ஒரு வாரமோ கொடுக்கலாம். உணவுக்கூடம், நூலகம், கருத்தரங்க அரங்கம் போன்று வருவதும் போவதுமான இடங்களுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பொருந்தும். இரு வகையினர்க்கும் ஒரே காலம் வைப்பது சோம்பல் என்றே சொல்வேன். அமைக்கும்போது அலகையும் கவனிக்க வேண்டும். சில ரூட்டர்கள் நிமிடத்தில் கேட்கின்றன, சில நொடியில். 2 மணி என்பது முன்னதில் 120, பின்னதில் 7200. நொடிக் கட்டத்தில் 120 என்று எழுதினால் இரண்டு நிமிடக் குத்தகை கிடைக்கும்.

ஒரு கூடத்திற்குப் பெட்டி ஒன்று போதும். பல்கலைக்கழகத்தில் விடுதிகள் பல, துறைகள் பல. ஒவ்வொன்றும் தனித்தனி வலைப்பகுதியாகப் பிரிக்கப்பட்டிருப்பதே வழக்கம். முன்னர்ச் சொன்ன கூவல் ஒரு பகுதியின் சுவரைத் தாண்டாது. தாண்டினால் ஆயிரம் கருவிகளின் கூச்சல் எல்லோர் காதிலும் விழும். அப்படியானால் விடுதிக்கு விடுதி ஒரு சர்வர் வேண்டுமா? வேண்டியதில்லை. ஒவ்வொரு பகுதியின் வாயிலிலும் ரிலே ஏஜெண்ட் என்னும் தூதர் ஒருவரை அமர்த்துகின்றனர். கூவலைக் கேட்டதும் அவர் அதன்மீது, 'இது இந்த வாயிலிலிருந்து வந்தது' என்று தம் எண்ணைக் குறித்து, நடுவிடத்திலுள்ள சர்வருக்கு நேரே அனுப்புகிறார். அக்குறிப்பைக் கொண்டே, இவர் இன்ன விடுதி, இவருக்கு இந்தத் தொகுதியிலிருந்து எண் என்று சர்வர் தீர்மானிக்கிறது. ஒரு விடுதியின் தொகுதி தீர்ந்து, பக்கத்து விடுதியில் நூறு எண்கள் சும்மா கிடக்கும் விந்தைக்குக் காரணமும் இதுவே. ஒரு பகுதியின் எண்ணைப் பிற பகுதியில் வழங்க முடியாது. 255.255.255.0 என்ற மாஸ்க் கொண்ட பகுதியில் கருவிகளுக்கு 254 எண்கள்தாம் உண்டு. மூன்றாம் பகுதியை 254 ஆக மாற்றினால் 510. 252 ஆக்கினால் 1022. 200 பேர் தங்கும் விடுதிக்கு 254 போதும் என்று எண்ணிய காலம் ஒன்றிருந்தது. இன்று ஒரு மாணவருக்குச் செல்பேசி ஒன்று, மடிக்கணினி ஒன்று, சிலர்க்குக் கைக்கடிகாரமும் ஒன்று.

எண் பற்றாக்குறையினும் கொடிய தொல்லை ஒன்று விடுதிகளில் உண்டு. ஒருவர் தம் அறையில் வைஃபை நன்றாக வேண்டுமென்று கடையில் ஒரு ரூட்டர் வாங்கி, சுவரிலுள்ள வலைத்துளையோடு இணைக்கிறார். வெளி இணைப்புக்கென்று உள்ள துளையில் கம்பியைச் செருகினால் கேடில்லை. உள் இணைப்புக்குரிய துளையில் செருகினாரோ, அந்தப் பெட்டி தானே எண் வழங்கும் சர்வராகி மாடி முழுமைக்கும் விடை சொல்லத் தொடங்குகிறது. நெறிமுறையில், நீ யார் என்று கேட்கும் வழக்கமில்லை. பெரும்பாலான கருவிகள் முதலில் வந்த முன்வைப்பையே ஏற்கின்றன. தூரத்துச் சர்வரினும் பக்கத்து அறைப் பெட்டி விரைந்து விடை தரும். அது காட்டும் வாயிலோ எங்கும் போகாத வாயில். மாடியில் பாதிப் பேருக்கு இணையம் இல்லை. மீதிப் பாதிக்கு உண்டு. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் மந்திரவாதம்போலத் தோன்றும்.

இது அறியாமையால் நேர்வது. வேண்டுமென்றே செய்வாரும் உண்டு. வாயில் எண்ணாகத் தம் மடிக்கணினியின் எண்ணைக் கொடுத்துவிட்டால் அடுத்தவர் போக்குவரத்தெல்லாம் அவர் வழியே செல்லும். 2024 மே மாதம் லெவியத்தன் செக்யூரிட்டி என்னும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒன்றை எடுத்துக்காட்டினர். டி.எச்.சி.பி. குறிப்புகளுள் 121 ஆம் எண்ணுடையது, இன்ன இடத்துக்கு இன்ன வழியில் செல் என்று கட்டளையிடுவது. அதைக் கொண்டு, வி.பி.என். என்னும் மறைவழியில் செல்ல வேண்டிய போக்குவரத்தை அவ்வழிக்கு வெளியே இழுத்துவிடலாம் என்பது அவர்கள் கண்டது. ஆண்ட்ராய்டு அந்தக் குறிப்பைச் செவிமடுப்பதில்லை. ஆகவே அது தப்பியது. காப்பு என்னவெனின், வலைக்கம்பிகள் கூடும் சுவிட்ச் பெட்டியிலேயே, இந்த ஒரு துளையிலிருந்து வரும் முன்வைப்பை மட்டும் நம்பு, பிற துளைகளிலிருந்து வந்தால் எறிந்துவிடு என்று எழுதி வைப்பது. டி.எச்.சி.பி. ஸ்னூப்பிங் என்று இதற்குப் பெயர். விலையுயர்ந்த சுவிட்சுகளில் இவ்வசதி வாங்கும்போதே உள்ளது. அதை இயக்கி வைத்திருக்கிறார்களா என்பதே கேள்வி.

இன்னொன்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ஒரு கருவிக்கு எப்போதும் ஒரே எண் கிடைக்க வேண்டுமானால், அதன் வன்பொருளில் பொறித்த மேக் முகவரியைக் குறித்து எண்ணை ஒதுக்கினர். அச்சுப்பொறிக்கு இன்றும் இதுவே சிறந்த வழி. செல்பேசிக்கு இது பொருந்தாது. ஆளைப் பின்தொடர்வதைத் தடுக்கும் பொருட்டு, 2019 இல் வந்த ஆண்ட்ராய்டு 10 உம், 2020 இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 உம் வலைக்கு வலை வேறு மேக் முகவரியைப் புனைந்து காட்டுகின்றன. ஒரே செல்பேசி விடுதி வலையில் ஒருவராகவும் நூலக வலையில் வேறொருவராகவும் தோன்றும். தனிமனித மறைவுக்கு இது நன்மை. எண் கணக்குக்குச் சற்றுத் தொல்லை. இரண்டில் முன்னதே பெரிது என்பது என் கருத்து. குத்தகையைச் சுருக்கினால் பின்னது பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஐ.பி. ஆறாம் பதிப்பு முழுதும் வந்தால் இந்தப் பற்றாக்குறையே இராது என்பர். எண்களைப் பொறுத்தவரை அது மெய். அப்பதிப்பைப் பயன்படுத்துவதில் இந்தியா முன்னணி நாடுகளுள் ஒன்று. நம் செல்பேசிக் கோபுர இணைப்புகளில் அது பரவியுள்ளது. ஆயினும் கட்டடங்களுக்குள் பழைய நான்காம் பதிப்பு இன்னும் உடன் ஓடிக்கொண்டிருக்கிறது. அது ஓடும்வரை குத்தகைக் கணக்கும் ஓடும்.

விடுதியில் இணைப்புக் கிடைக்காத நண்பர், 'நெட் இல்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் வலை அலுவலகத்தார்க்கு அதனால் பயனில்லை. விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, ஐ.பி. கான்ஃபிக் என்னும் கட்டளையை 'ஆல்' என்ற சேர்க்கையோடு கொடுத்தால் சில வரிகள் வரும். முகவரி 169.254 என்று தொடங்கினால் எந்தச் சர்வரும் விடை தரவில்லை, கணினி தானே ஓர் எண்ணைப் புனைந்துகொண்டது என்று பொருள். எண் தீர்ந்திருக்கலாம், தூதர் நின்றிருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம். முகவரி சரியான தொகுதியைச் சேர்ந்ததாக இருந்து பக்கம் மட்டும் திறக்கவில்லையெனில் வாயிலையும் டி.என்.எஸ். வரியையும் பார்க்க வேண்டும். டி.எச்.சி.பி. சர்வர் என்ற வரியில் எண் வழங்கியவர் யார் என்பது இருக்கும். அடுத்த அறை நண்பர் கணினியில் அதே வரி வேறோர் எண்ணைக் காட்டினால், பெரும்பாலும் மாடியில் எவரோ புது ரூட்டர் வாங்கியிருக்கிறார். குத்தகை பெற்ற நேரம், முடியும் நேரம் என இரு வரிகள் அதன் அருகிலேயே உள்ளன. இந்த ஆறு வரிகளையும், நாளையும் மணியையும் அறை எண்ணையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பிற்பகலில் மட்டும் கிடைப்பதில்லை என்றால் அதையும் மறவாமல் எழுதுங்கள்.